கூழுக்கும் மாத்திரைக்கும் சண்டை மூட்டாதீர்கள்

ஆடி பிறந்தால் சாந்தோம் கடற்கரையை ஒட்டிய குப்பங்களில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அந்தக் கேழ்வரகுக் கூழைப் பற்றி ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு அது ஏழைகள் குடிக்கும் வெறும் மாவுக் கரைசல். இன்னொரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி. "புளித்த கூழில் ஃபோலேட் தானாகவே உண்டாகிறது, கர்ப்பிணிக்கு மாத்திரை எதற்கு?" என்று அது கேட்கிறது. முதல் கட்சி அறியாமல் பேசுகிறது. இரண்டாவது கட்சி பாதி தெரிந்துகொண்டு பேசுகிறது. ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

அந்தப் பாதி என்ன என்று முதலில் பார்க்கலாம். ஃபோலேட் என்பது பி-9 வைட்டமின். புது ரத்த அணுக்கள் உருவாகவும், கருவில் செல்கள் பெருகவும் அது வேண்டும். மனித உடலால் அதைத் தயாரிக்க முடியாது. பாக்டீரியாவால் முடியும். டெரிடின் என்ற வளையத்தோடு பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தை இணைத்து, அதன் வாலில் குளூட்டமேட்டைச் சேர்த்து அது ஃபோலேட்டைக் கட்டுகிறது. சல்ஃபா மருந்துகள் இந்த இணைப்பைத்தான் தடுக்கின்றன. அந்தத் தயாரிப்பு மனித உடலில் இல்லை என்பதால்தான் மருந்து கிருமியைத் தாக்குகிறது, நோயாளியை விட்டுவிடுகிறது.

ஆக, புளிக்கும் மாவில் ஃபோலேட் உண்டாகலாம் என்பது கட்டுக்கதை அல்ல. வரலாறும் அதற்குச் சாட்சி. பம்பாயில் ரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறான மார்மைட் அவர்களைக் குணப்படுத்துவதை 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த மர்மப்பொருள்தான் ஃபோலேட். பிறகு 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். மாத்திரையை 'அந்நியச் சரக்கு' என்று ஏசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

இனி அவர்கள் சொல்லாமல் விடும் மீதிப் பாதி. எல்லா லாக்டிக் பாக்டீரியாவும் ஃபோலேட் தயாரிப்பதில்லை. சில, சுற்றியுள்ள ஃபோலேட்டை எடுத்துத் தின்றுதான் வளர்கின்றன. லாக்டோபேசில்லஸ் கேசை என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு வகையை ஆய்வகங்கள் பல்லாண்டுகளாக ஃபோலேட்டை அளக்கவே பயன்படுத்தி வந்தன. ஃபோலேட் கிடைத்தால்தான் அது வளரும் என்பதே காரணம். ஒரு வீட்டுப் பானையில் இருப்பது கொடுக்கிற கூட்டமா, எடுக்கிற கூட்டமா? பானையை முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. புளிப்பு வேறு, ஃபோலேட் வேறு.

அடுத்தது அடுப்பு. ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் சிதையும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு கொஞ்சம் போகும். இட்லி மாவு இரவெல்லாம் புளித்துச் சேர்த்ததில் ஒரு பங்கு ஆவியில் வேகும்போது போகும். (இட்லியின் ஃபோலேட்டில் பெரும்பங்கு பாக்டீரியா வருவதற்கு முன்பே உளுந்தில் இருந்தது என்பதும் மறக்கப்படுகிறது.) இந்த இடத்தில் கூழுக்கு ஒரு சாதகம் உண்டு. களியாகக் கிண்டி, ஆறவைத்து, இரவு முழுக்க வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பது வழக்கம். அடுப்பை விட்டு இறக்கிய பிறகு பாக்டீரியா சேர்ப்பது மறுபடி வேகுவதில்லை. கூழை வெறும் மாவுக் கரைசல் என்று இளப்பமாகப் பேசும் முதல் கட்சிக்கு இதுவே பதில்.

ஆனால் சாதகம் என்பது அளவு ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 220 மைக்ரோகிராம் ஃபோலேட் வேண்டும், கர்ப்பிணிக்கு 570. கூழே போதும் என்கிறவர்கள் ஒரு சொம்புக் கூழில் எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லட்டும். சொல்ல மாட்டார்கள். பானைக்குப் பானை அது மாறும்.

கருவின் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அது நடந்து முடிகிறது. அப்போது ஃபோலேட் குறைவாக இருந்தால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைகள் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் கருத்தரிக்க முயலும் நாளிலிருந்து 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாட்களில் 'இயற்கையே போதும்' என்ற பேச்சை நம்பியவளுக்கு இழந்த நாட்கள் திரும்பி வராது. மேடையில் மாத்திரையைக் கேலி செய்கிறவர், தன் மகள் கருவுற்றால் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் இருப்பாரா? குப்பத்துப் பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம்?

கூழின் மேல் உண்மையான பற்று இருந்தால் செய்ய வேண்டிய வேலை வேறு. வீட்டுப் பானைகளின் கூழை ஆய்வகத்தில் அளக்க வேண்டும். ஃபோலேட்டை அதிகம் தயாரிக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து உறை போலக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் உழைப்பு வேண்டும். பெருமை பேச வாய் மட்டும் போதும்.

அதுவரை ஆடிக் கூழை வயிறாரக் குடிக்கட்டும். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையையும் மறக்காமல் விழுங்கட்டும். ஒன்றைக் குடித்தால் மற்றது கூடாது என்று அம்மனும் சொல்லவில்லை, அறிவியலும் சொல்லவில்லை.