கல்யாண நாளை மறந்தாலும் பரவாயில்லை... விசா முடியும் நாளை மறக்காதீங்க!

'நம்ம ஊர்ப் பையனுக்கும் வெளிநாட்டுப் பொண்ணுக்கும் தமிழ் முறைப்படி டும் டும் டும்!' இன்ஸ்டாவில் இப்படி ஒரு ரீல்ஸ் பார்க்காதவர்கள் இருக்கவே முடியாது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, பழக்கமில்லாத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கும் பெண்ணின் அப்பா. கமென்ட்டில் ஹார்ட்டின் மழை. தெருவில், "வெள்ளக்கார மருமவ வந்துருக்காளாம்லா!" என்று ஒரே பேச்சு. தாலி ஏறியதும் வீடியோ முடிந்துவிடும்.

ஆனால் அந்த வீட்டின் நிஜக்கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். தென்காசியில் குடித்தனம் வைத்து, சாரல் சீஸனில் குற்றாலம் பேரருவியில் குளித்து, பார்டர் பரோட்டா காரத்துக்கு நாக்கைப் பழக்கிக்கொண்டாலும், அந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை அவர் இன்னும் வெளிநாட்டவர்தான். குற்றாலத்துக்கு சீஸன் இருக்கிற மாதிரி, அவர் இங்கே தங்குவதற்கும் ஒரு கடைசி தேதி இருக்கிறது. அதை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இந்தியரைக் கட்டிக்கிட்டா இந்தியர் ஆயிட மாட்டாங்களா?" என்று கேட்கிறீர்களா? ஆக மாட்டார்கள். கல்யாணம் கொடுப்பது விண்ணப்பிக்கும் தகுதியை மட்டும்தான். தங்கும் உரிமையை அது தானாகக் கொடுத்துவிடாது. இது மருமகளுக்கு மட்டுமல்ல, வெளிநாட்டு மருமகனுக்கும் பொருந்தும். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய 'குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம்' அமலுக்கு வந்துவிட்டது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை ஓரம்கட்டிவிட்டு வந்த சட்டம் இது. அதனால் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது இப்போது இன்னும் அவசியம்.

முதல் கேட்: மேரேஜ் சர்டிஃபிகேட்

விசா அலுவலகத்துக்கு ரீல்ஸ் எல்லாம் செல்லாது. பதிவு செய்த திருமணச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் பல ஜோடிகள் முதல் தடவை மாட்டிக்கொள்கிறார்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டால் இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம் என்று நினைப்போம். அந்தச் சட்டம் மணமக்கள் இருவருமே இந்துவாக இருந்தால் மட்டும்தான். ஒருவர் வேறு மதம் என்றால் பொதுவான வழி 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு மாச லீவில் பறந்து வருபவருக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்?

ஒத்துவராமல் ஒரு ஜோடி கோர்ட் வரைக்கும் போனதும் நம்ம தெற்கத்திப் பக்கத்தில்தான். 2022-ல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு ஜோடி விண்ணப்பித்தது. மணமகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 30 நாள் கடந்தும் திருமணம் நடக்கவில்லை, அவரோ அமெரிக்கா திரும்பிவிட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஜூலையில், மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ அழைப்பிலேயே திருமணத்தை நடத்தச் சொல்லி உத்தரவிட்டது. கேட்க ஜாலியாக இருந்தாலும், அந்த ஒரு சர்டிஃபிகேட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

'சேர்ந்து வாழ்றாங்களா?'

டூரிஸ்ட் விசாவில் வந்து இங்கேயே கல்யாணம் முடித்தவர்கள், அதை 'எக்ஸ்' எனப்படும் என்ட்ரி விசாவாக மாற்ற வேண்டும். இந்தியரின் கணவன் அல்லது மனைவிக்கு இதில் எக்ஸ்-2 என்று தனிப் பிரிவே உண்டு. மாற்றித் தருவதற்கு முன் அதிகாரிகள் மூன்று விஷயம் பார்ப்பார்கள். இருவரின் பின்னணி என்ன? பாதுகாப்புச் சிக்கல் ஏதாவது உண்டா? நிஜமாகவே சேர்ந்து வாழ்கிறார்களா?

விண்ணப்பம் இப்போது இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற அரசு இணையதளத்தில். 2018-ல் வந்த வசதி. ஃபீஸ், டாக்குமென்ட் எல்லாம் போனிலேயே போய்விடும். ஆனால் விசாரணை போனில் வராது, வீட்டு வாசலுக்குத்தான் வரும். மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானதில் நமக்கு ஒரு நிம்மதி. அதற்கு முன்பு இந்த மாதிரி வேலைக்கெல்லாம் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது.

சென்னை அப்பார்ட்மென்ட்டில் போலீஸ் வந்து போனால் பக்கத்து ஃப்ளாட்டுக்கே தெரியாது. நம்ம தெருவில் அப்படியா? பைக் நின்ற அடுத்த நிமிஷம், "என்ன மதினி, போலீஸ் வந்துட்டுப் போகுது?" என்று நாலு வீடு கேட்கும். அது வழக்கமான சரிபார்ப்புதான் என்று அந்த மருமகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், தெருவுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு நாள் தவறினால்?

"ரெண்டு நாள் லேட்டானா ஃபைன் கட்டிக்கலாம்" என்பதுதான் இந்த விஷயத்தில் ஆபத்தான வசனம். விசா காலம் கடந்து தங்கினால் புதிய சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை இருக்கிறது. பெரிய சிக்கல் அதற்கும் அப்பால் இருக்கிறது.

குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்றொரு வார்த்தை உண்டு. திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்தவர் என்றுதான் நாம் நினைப்போம். முறையான பாஸ்போர்ட்டில் வந்து, அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியவரும் அந்த வார்த்தைக்குள் வந்துவிடுவார். அது ஒட்டிக்கொண்டால், திருமணத்தின் வழியாகக் குடியுரிமை கேட்கும் கதவு மூடிக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியர் ஆக வேண்டுமென்றால், பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், இன்னொருவர் பிரசவ நேரத்தில் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அதாவது, அம்மாவின் விசா உயிரோடு இருக்கிறதா என்பது குழந்தையின் குடியுரிமையையே தொடுகிற கேள்வி. வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே விசா தேதியையும் பார்த்துவிடுவது நல்லது.

அதே ஊர், வேற பாஸ்போர்ட்

ஐரோப்பிய, அமெரிக்க மருமகளுக்கு இது அலைச்சல். இன்னொரு வகை மருமகளுக்கு இது வாழ்நாள் பிரச்னை. அவர் தமிழ்தான் பேசுகிறார். பல வீடுகளில் பிறந்ததே தமிழ்நாட்டில்தான். 1983-லிருந்து இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிறார்கள். தென்காசி மாவட்டத்திலும் முகாம் இருக்கிறது. முகாமுக்கும் ஊருக்கும் நடுவே காதல் வரும், கல்யாணம் நடக்கும். நாற்பது வருஷம் பக்கத்தில் வாழ்ந்தால் நடக்காமலா இருக்கும்?

ஆனால் பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகேறி வந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். அதனால் இந்தியரைத் திருமணம் செய்தாலும் அந்த வழியில் குடியுரிமை கேட்க முடியாது. மேலே சொன்ன 2004 விதியால், அப்பா இந்தியராக இருந்தும் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குறி ஆகிவிடுகிறது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தை மட்டும்தான் சொன்னது. இலங்கையைச் சேர்க்கவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனைகளிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்தது. ஆறுதல்தான். ஆனால் 'தண்டிக்க மாட்டோம்' என்பது வேறு, 'நீ எங்க வீட்டுப் பொண்ணு' என்பது வேறு.

நாடுகளுக்கு நடுவே உரசல் வந்தாலும் முதல் அடி விழுவது இந்தக் காகிதத்தில்தான். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல் நடந்த சில நாள்களில் பாகிஸ்தானியர்களின் பெரும்பாலான விசாக்கள் ரத்தாயின. நீண்டகால விசா கையில் இருந்தவர்களுக்கு விலக்கு. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களில் யார் இருக்கலாம், யார் கிளம்ப வேண்டும் என்பதை அந்த ஒரு முத்திரைதான் தீர்மானித்தது.

கையெழுத்து யார் கையில்?

நான் கவலைப்படுவது இதற்காகத்தான். இந்த அனுமதி முழுக்க இந்திய வாழ்க்கைத்துணையின் ஆவணங்களின் மேல்தான் நிற்கிறது. அவருடைய அடையாள அட்டை, முகவரிச் சான்று, 'இவருக்கு நான் பொறுப்பு' என்ற அவருடைய கையெழுத்து. அன்பாக இருக்கும் வரைக்கும் அது வெறும் கையெழுத்து. சண்டை வந்தால் அதுவே ஆயுதம். "கையெழுத்து போட மாட்டேன், உன் ஊருக்குப் போ" என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு பெண்ணின் வீடு, குழந்தை, வாழ்க்கை எல்லாம் ஊசலாடும். புதிய சட்டம் வந்த பிறகும் இந்தச் சார்பு குறையவில்லை. மாற வேண்டியது இதுதான் என்பேன். வருஷக்கணக்கில் இங்கே குடும்பம் நடத்தியவர் தன் அனுமதியைத் தன் பெயரிலேயே, துணையின் தயவு இல்லாமல் நீட்டிக்கத் தெளிவான வழி வேண்டும்.

அதுவரை தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவரை 'எந்தப் பெண்ணும்' என்றுதான் சொல்கிறது. இந்தியக் குடிமகளா என்று கேட்பதில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவரும் அழைக்கலாம்.

அடுத்த படி: ஓ.சி.ஐ.

திருமணத்தைப் பதிவு செய்து, 2 ஆண்டு தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவுக்குள் கட்டணம் 15,000 ரூபாய். டூரிஸ்ட் விசாவில் இருந்துகொண்டு இங்கே விண்ணப்பிக்க முடியாது. பாகிஸ்தான், வங்கதேசப் பின்னணி இருந்தால் இந்த வழி கிடையாது. அட்டை கிடைத்தால் அடிக்கடி விசா நீட்டிக்கும் அலைச்சல் போய்விடும். ஆனால் ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது, அதனால் கடையம் பக்கம் தென்னந்தோப்பு வாங்கும் கனவு இருந்தால் அது கணவர் பெயரில்தான் நடக்கும். ஒவ்வொரு முறை புது பாஸ்போர்ட் எடுக்கும்போதும் 'எங்கள் திருமணம் நீடிக்கிறது' என்று உறுதிமொழியை அப்லோடு செய்ய வேண்டும். விவாகரத்து ஆனால் அட்டையை ரத்து செய்யலாம்.

இந்தியக் குடியுரிமையே வேண்டுமென்றால் 7 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கிடைத்ததும் பிறந்த நாட்டுக் குடியுரிமையை விட வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

போனில் இப்போதே செய்ய வேண்டியவை

* விசா முடியும் தேதிக்கு மூன்று மாசம் முன்பே காலண்டரில் அலாரம் வையுங்கள். இரண்டு பேர் போனிலும்.

* 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் பொதுவாக 14 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்வார்கள். விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வந்த அன்றே பாருங்கள்.

* திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, இணையதள லாகின், பாஸ்வேர்டு எல்லாம் வெளிநாட்டுத் துணையின் கையிலும் இருக்கட்டும். "அவர் பார்த்துப்பார்" வேண்டாம்.

* குற்றாலத்தில் ரூம் போடும்போது லாட்ஜில் பாஸ்போர்ட் கேட்டால் கோபப்படாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுப்பது அவர்களின் கடமை.

* மூன்று முடிச்சு போட்டதும் மாப்பிள்ளையின் வேலை முடிந்துவிடாது. விசாவை நீட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், 'இவங்க எங்க வீட்டுப் பொண்ணு' என்று அரசாங்கத்திடம் மறுபடி சொல்லுங்கள். முக்கியமாக, நேரத்தோடு சொல்லுங்கள்!