ஐந்து நிமிஷச் சோதனை போதுமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மில்லில், பூமிக்கடியில் போட்டிருந்த 11,000 வோல்ட் கேபிள் வெடித்தது. இரண்டு ஷிப்டுகள் நின்றன. தொழிலாளருக்குக் கூலி போயிற்று. கேட்கப் போன தோழர்களிடம் மானேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். "கேபிள் சோதனையில் தேறியது. இதோ சர்டிபிகேட். எங்கள் மேல் என்ன தப்பு?" என்றார்.

சர்டிபிகேட் பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் நமது வேலை சுலபம். மெய்யான சர்டிபிகேட் இருக்கும்போதே கேபிள் எப்படி வெடிக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் மானேஜரோடு பேசப் போனால், காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.

முன்காலத்தில் பெரிய கேபிள்களில் கம்பியைச் சுற்றி எண்ணெயில் ஊறிய காகிதம் இருக்கும். அதற்கு மேல் ஈயக் கவசம். 1933ல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாவது மகாயுத்தத்தில் ராடார் கேபிள்களுக்கு அது பயன்பட்டது. பின்னர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி விஞ்ஞானிகள், பாலிதீன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, சூட்டில் உருகி ஓடாத கேபிள் உறையைச் செய்தார்கள். எக்ஸ்.எல்.பி.ஈ. என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். பி.வி.சி. கேபிளில் கம்பி 70 டிகிரி சூடு வரை போகலாம். இதில் 90 டிகிரி. எண்ணெய் ஒழுகாது, கனம் குறைவு. நல்ல சரக்கு. அதன் மேல் நமக்கு ஒரு விரோதமும் இல்லை.

ஆனால் அந்தச் சரக்கை எப்படி விற்றார்கள் என்று பாருங்கள். 1960களில் அமெரிக்க நகரங்களின் ஓரத்தில் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. பாலிதீன் கேபிளை மைல் மைலாக மண்ணில் புதைத்தார்கள். அவற்றில் ஏராளமானவற்றுக்கு மேலே காப்புச் சட்டைகூடக் கிடையாது. நியூட்ரல் செப்புக் கம்பி ஈர மண்ணில் வெறுமையாகக் கிடந்தது. சட்டை போட்டால் செலவு! முப்பது வருஷத்துக்கு மேல் உழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கேபிள்களெல்லாம் தொழிற்சாலைச் சோதனையில் தேறியவைதான். பத்து வருஷம்கூட ஆகாமல் அவற்றில் பல வரிசையாக வெடிக்கத் தொடங்கின.

காரணம் 'நீர்மரம்'. பாலிதீனுக்குள் ஈரம் மெல்லக் கசிகிறது. மாறி மாறி ஓடும் மின்சார அழுத்தம் அந்த ஈரத்தை உள்ளே உள்ளே தள்ள, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடித் துளைகள் மரம்போலக் கிளை விட்டு வளருகின்றன. 1969ல் ஜப்பானில் இதைப் பற்றிய முதல் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவிலும் பழுதான கேபிளைத் தோண்டியெடுத்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். மரம் மரமாகத் தெரிந்தது.

வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். மேலே பார்த்தால் வரப்பு கட்டுக்கோப்பாக நிற்கும். ஒரு நாள் ராத்திரி நெஞ்சு வெடித்ததுபோல் உடையும். அன்று மாலை வரை அந்த வரப்பு 'தேறிய' வரப்புதான்.

சரி, தொழிற்சாலையில் என்ன சோதனை செய்கிறார்கள்? 11,000 வோல்ட் கேபிளில் கம்பிக்கும் பூமிக்கும் இடையே உள்ள சாதாரண அழுத்தம் சுமார் 6,350 வோல்ட். சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் விதிப்படி, இப்படிப்பட்ட கேபிளுக்கு மூன்றரை மடங்கு, அதாவது 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, ஐந்து நிமிஷம் வைக்கிறார்கள். உறைக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அதில் எழும் நுண்ணிய மின்பொறியைக் கண்டுபிடிக்க வேறொரு சோதனையும் உண்டு. இரண்டும் அவசியம். தயாரிப்பில் நேர்ந்த ஓட்டையை, அழுக்கை, குமிழியை இவை பிடித்துவிடும். ஆனால் இந்தச் சோதனையில் ஈர மண் இல்லை. பத்து மழைக்காலம் இல்லை. கிணற்று மோட்டார் ஜாயிண்டை வாளித் தண்ணீரில் முக்கி மெகர் வைத்துப் பார்க்கிறாரே நம் ஊர் மெக்கானிக், அவர் புத்தி சரியான புத்தி. ஆயினும் நீர்மரம் வாளியில் ஒரு நாளில் வளர்ந்து காட்டாது.

வெடித்த கேபிள்கள் கற்றுக்கொடுத்த பிறகுதான் சோதனை மாறியது. தண்ணீர் நிறைத்த குழாயில் கேபிளைப் போட்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில், சூடேற்றிச் சூடேற்றி, 120 நாள், 180 நாள், 360 நாள் என்று வைத்து, பிறகு அதை உடைத்துப் பார்க்கும் முறை வந்தது. நீராவியில் பதப்படுத்தியதை விட்டு, உலர்ந்த முறைக்குப் போனார்கள். மூன்று அடுக்குகளையும் ஒரே மூச்சில் வார்த்தார்கள். மேற்சட்டை வந்தது. 1980களில் நீர்மரத்தை எதிர்க்கும் கலவையும் வந்தது. இன்றைய கேபிள் அன்றையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இந்த ஞானத்துக்கான செலவைத் தெருவில் இருட்டில் உட்கார்ந்த ஜனங்களும் கட்டினார்கள். பள்ளம் தோண்டி ராத்திரி பகலாக ஒட்டுப்போட்ட தொழிலாளியும் கட்டினான்.

இன்னொரு விஷயம். அந்த மில்லில் வெடிப்புக்குச் சில மாதம் முன்பு பழைய கேபிளை 'சோதித்தோம்' என்றார்கள். விசாரித்தால், டி.சி. யந்திரம் வைத்துச் சோதித்தார்களாம்! காகிதக் கேபிளுக்கு அது பழைய பழக்கம், சரியான பழக்கமும்கூட. எக்ஸ்.எல்.பி.ஈ.க்கு அது ஆகாது. நீர்மரம் பிடித்த கேபிளுக்குள் டி.சி. அழுத்தம் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்திவிடுகிறது. பலவீனமான கேபிள் சோதனையில் தேறிவிடும், திரும்ப ஏ.சி. கொடுத்த சில நாளில் வெடிக்கும். 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி இதை எடுத்துக்காட்டியது. இப்போது பத்து விநாடிக்கு ஒரு சுற்று ஓடும் மெதுவான ஏ.சி.யில் மூன்று மடங்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் பார்க்கும் யந்திரம் உண்டு. அதற்கு வேண்டிய சக்தி, சாதாரண ஏ.சி.யில் சோதிக்க வேண்டியதில் ஐநூறில் ஒரு பங்கு. வண்டியில் வைத்துக் கொண்டுவரலாம். மில்லில் வெடித்ததற்கு டி.சி.தான் காரணம் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அது சோதனை என்ற பேருக்குத் தகுதியில்லை என்று சொல்லுகிறோம்.

சோதனை முடிந்ததும் கேபிள் செத்துவிட்டது என்று கை வைக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சுவிட்சை நிறுத்திய பிறகும் கேபிள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். முறைப்படி வடித்து, எர்த் செய்து, எர்த் கம்பி இருக்கும்போதே தொடு. சூபர்வைசர் அவசரப்படுத்தினாலும் சரி, எர்த் இல்லாமல் தொடாதே.

மானேஜரிடம் நமது தோழர்கள் மறுபடி போனார்கள். இந்தத் தடவை காகிதத்தைக் கையில் வாங்கிக் கேட்டார்கள்: இந்த ரகக் கேபிளைத் தண்ணீரில் எத்தனை நாள் வைத்துச் சோதித்தார்கள்? அந்த அறிக்கை எங்கே? பூமியில் போட்டு ஜாயிண்ட் போட்ட பிறகு எந்த யந்திரத்தில் சோதிக்கப் போகிறீர்கள்? அப்போது எலெக்ட்ரிகல் தொழிலாளிகளின் பிரதிநிதி பக்கத்தில் நிற்கலாமா? கூலி போன இரண்டு ஷிப்டுக்கு என்ன பதில்?

பதில் இன்னும் வரவில்லை. புதுக் கேபிள் சுருள் வந்து கேட் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. அதைப் போடப் போகும் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது.