பச்சை விளக்கை ஏற்றுபவர் யார்?

இணையதளம் அமைத்துக்கொள்வது இன்று அரிய செயலன்று. வீட்டிலிருந்தே தையல் வகுப்பு நடத்தும் தாய்மாரும், ஓய்வு பெற்றபின் தம் அனுபவங்களை எழுதிவைக்கும் ஆசிரியர்களும், வேர்டுபிரஸ் என்னும் இலவச மென்பொருளின் துணைகொண்டு சில மணி நேரத்தில் தமக்கென ஒரு தளத்தை நிறுவிவிடுகின்றனர். அதன்பின் எழும் கவலை ஒன்றே: கூகுளில் தேடுவோர் கண்ணில் நம் தளம் படுமா? அக்கவலைக்கு மருந்தாக முன்வைக்கப்படுபவையே எஸ்.இ.ஓ. செருகுநிரல்கள், இளைஞர்கள் பிளகின் என்று கூறுவதும் இவற்றையே. அவற்றுள் எதைத் தேர்வது என்பதை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

முதலில் அதன் பணி யாதென அறிதல் வேண்டும். ஒவ்வோர் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியிலும், படிப்போர் கண்ணுக்குப் புலப்படாத சில வரிகள் உண்டு. தேடல் முடிவில் தோன்ற வேண்டிய தலைப்பு, அதன்கீழ் வரும் சிறு விளக்கம், ஒரே செய்தி இரு முகவரிகளில் இருப்பின் எது மூல முகவரி என்னும் குறிப்பு, இப்பக்கத்தைப் பட்டியலில் சேர்க்கலாகாது என்னும் கட்டளை ஆகியன அவ்வரிகளில் அடங்கும். நிரல் எழுத அறியாதவரும் இவற்றை எழுதிக்கொள்ள வழிசெய்வதே செருகுநிரலின் தொண்டு. பக்கங்களின் வரைபடம் ஒன்றையும் அது ஆக்கித் தரும். ஆயினும் 2020 ஆகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பு முதல், எளியதொரு வரைபடத்தை வேர்டுபிரஸ் தானே ஆக்கிவிடுகிறது.

ஆல் இன் ஒன் எஸ்.இ.ஓ. 2007இல் தோன்றியது. நெதர்லாந்து நாட்டவரான யோஸ்ட் டி வால்க் தம் பெயராலேயே வழங்கும் செருகுநிரலை 2010இல் வெளியிட்டார். ரேங்க் மேத் 2018இல் வந்தது. ஆரவாரமின்றி இயங்கும் தி எஸ்.இ.ஓ. ஃபிரேம்வொர்க் என்பதும் உண்டு. நால்வகைக்கும் இலவசப் பதிப்பு உள்ளது. மேலே கூறிய அடிப்படைப் பணிகளை நான்குமே செவ்வனே செய்கின்றன. ஆகவே, இதை நிறுவினால் முதலிடம், அதை நிறுவினால் பத்தாமிடம் என்று எவரேனும் கூறின் நம்ப வேண்டுவதில்லை.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. யோஸ்ட் நம் கட்டுரையைத் தேர்வு செய்து சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என விளக்குகளைக் காட்டும். ரேங்க் மேத் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கும். பச்சை கண்டால் மகிழ்வதும் சிவப்பு கண்டால் துவள்வதும் மனித இயல்பு. ஆனால் அவ்விளக்கை ஏற்றுபவர் கூகுள் அல்லர் என்பதைப் பலர் அறியார். அது செருகுநிரல் தானே வகுத்துக்கொண்ட தேர்வு. அதன் மதிப்பெண் கூகுளைச் சென்றடைவதே இல்லை. முதன்மைச் சொல் என்று நாம் பெட்டியில் எழுதுவதும் நம் கணக்கிற்குள்ளேயே நின்றுவிடும். பக்கத்தின் தலைப்பகுதியில் திறவுச்சொற்களை அடுக்கும் பழைய வழக்கத்தை, தரவரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் நிறுவனத்தார் 2009லேயே அறிவித்துவிட்டனர்.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்விளக்கு இன்னும் இடர் தரும். நாகர்கோவிலில் ஒரு பெண்மணி தையல் கற்பிக்கிறார், அதற்கொரு தளமும் வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். 'தையல் வகுப்பு' என்பது அவர் குறித்த முதன்மைச் சொல். அவரோ இயல்பாக, 'தையல் வகுப்பில் சேர', 'தையல் வகுப்புகளுக்கு வருவோர்' என்று எழுதுவார். நம் வேற்றுமை உருபுகளை அறியாத செருகுநிரல் இவற்றை அச்சொல்லாகவே எண்ணாமற் போகலாம். உடனே சிவப்பு விளக்கு எரியும். அதை அணைக்க வேண்டி அவர் ஒவ்வொரு பத்தியிலும் 'தையல் வகுப்பு' என்று வெறுமனே நட்டுவைப்பாராயின், படிப்பவர் இரண்டாம் பத்தியிலேயே சலித்து அகன்றுவிடுவார். கற்க வரவிருந்த ஒருவரை இயந்திரத்தின் பொருட்டு இழப்பதா? எளிதில் படிக்கத்தக்கதா என்று அளக்க யோஸ்ட் நெடுங்காலம் எடுத்தாண்ட சூத்திரமும், ருடால்ஃப் ஃபிளெஷ் என்பார் 1948இல் ஆங்கில நடைக்கு வகுத்தது. பல ஒட்டுகள் சேர்ந்து நீளும் நம் சொற்களுக்கு அவ்வளவுகோல் எவ்வாறு பொருந்தும்?

எந்த விளக்கும் சரிவரக் காட்டாத ஒன்று முகவரி பற்றியது. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால், ஒவ்வோர் எழுத்தும், துணைக்குறியும், புள்ளியும் ஒன்பது குறிகளாக விரிகின்றன. வேர்டுபிரஸ் அதற்கு ஒதுக்கும் இடமோ 200 குறிகள். 'வீட்டிலிருந்தே தையல் வகுப்பு' என்னும் சிறு தலைப்பே அவ்வெல்லையைக் கடந்துவிடுவதால், இறுதிச் சொல் நடுவில் அறுபடும். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களாக முகவரியை நாமே தட்டச்சு செய்துவிடல் நலம். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

செருகுநிரலும் பிழைபடும். 2018 மார்ச்சில் யோஸ்ட்டின் 7.0 பதிப்பில் நேர்ந்த தவறால், பல தளங்களில் ஒவ்வொரு படத்திற்கும் உரிய வெற்றுப் பக்கங்கள் கூகுளின் பட்டியலில் ஏறின. அதனை ஆக்கியோர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினர். 2021 டிசம்பரில் ஆல் இன் ஒன்னில் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டபோது, அதனை நிறுவியிருந்த தளங்கள் 30 இலட்சத்திற்கும் மேல். ஆதலின், தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஒன்றையே தேர்ந்து, புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் கருத்தைக் கேட்டால், தமிழில் எழுதும் சிறு தளத்திற்குத் தி எஸ்.இ.ஓ. ஃபிரேம்வொர்க்கே ஏற்றது என்போம். அது எழுதுபவரை அதிகம் தொல்லை செய்வதில்லை. ஏற்கனவே யோஸ்ட்டில் பழகியவர் அதிலேயே இருக்கட்டும். விளக்குக் காட்டும் பகுதியை மட்டும் அமைப்பில் அணைத்துவிடலாம். உண்மை நிலையை அறிய கூகுளே இலவசமாக அளிக்கும் சேர்ச் கன்சோல் இருக்கிறது. எச்சொற்களைத் தேடியவர்க்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அவர்களுள் எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதை அது கூறும்.

எதுவும் பலிக்கவில்லை என வருந்துவோர், வேர்டுபிரஸ் அமைப்பில் 'வாசிப்பு' என்னும் பகுதியை ஒருமுறை திறந்து பார்க்க. தேடுபொறிகள் இத்தளத்தைத் தவிர்க்கட்டும் என்றொரு கட்டம் அங்குண்டு. தளம் கட்டும் நாளில் குறியிட்டு, பின்னர் எடுக்க மறந்தோர் பலர். மேலும், இரண்டு எஸ்.இ.ஓ. செருகுநிரல்களை ஒருங்கே இயக்கலாகாது. ஒன்று கூறுவதை மற்றொன்று மறுக்கும். மாற்ற விரும்புவோர் முதலில் தளம் முழுவதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பழைய தலைப்புகளையும் விளக்கங்களையும் புதியதற்கு மாற்றி, அவை சரியாக வந்துள்ளனவா எனப் பார்த்த பின்னரே பழையதை நீக்குக.