அறிவியல் அறிவோம்: அச்சுப்பொறிக்குள் ஒரு தொட்டி

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் கிணற்றிலிருந்து இறைத்த நீர் முதலில் தொட்டியில் விழும். பின் வாய்க்கால் வழியே பாத்திகளுக்குச் செல்லும். இறைக்கும் வேகம் ஒன்று, பாத்தி குடிக்கும் வேகம் வேறு. இரண்டையும் இணக்கி வைப்பது தொட்டி. கணனிக்கும் தாளுக்கும் இடையே அச்சுப்பொறியினுள்ளும் இத்தகைய தொட்டி ஒன்று உண்டு. அதுவே இடைநினைவகம். அது நிறைந்தால் 'நிறுத்து' என்றும், இடம் கிடைத்தால் 'அனுப்பு' என்றும் அச்சுப்பொறி கணனிக்குச் சைகை காட்டும்.

ஊசிகளால் புள்ளியிட்ட பழைய அச்சுப்பொறிகள் ஒரு வரி முடிந்ததும் காத்திருக்கலாம், தீங்கில்லை. லேசர் அச்சுப்பொறியோ நகரும் தாளைப் பாதியில் நிறுத்த முடியாது. பக்கத்துக்கு வேண்டியவை முன்னரே உள்ளே வந்திருக்க வேண்டும். 1984இல் வெளிவந்த ஹியூலெட் பக்கார்ட் லேசர்ஜெட்டின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஓர் ஏ4 பக்கம் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். அதற்கு ஒரு மெகாபைட்டுக்கு மேல் வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இது தடையாகவில்லை. எழுத்துருவங்கள் பொறிக்குள்ளேயே இருந்தமையால் 3000 எழுத்துள்ள பக்கத்துக்குச் சுமார் 3000 பைட் போதும். தமிழ் எழுத்துகள் அங்கே இல்லை. படமாகவே செல்ல வேண்டும். முழுப் பக்கப் படத்தை அந்தத் தொட்டி கொள்ளாது. 1985இல் வந்த அப்பிள் லேசர்ரைட்டரில் 1.5 மெகாபைட் இருந்தது. எழுத்து எம்மொழியாயினும் முழுப் பக்கத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இந்தக் கதையில் துரொண்ட்ஹெய்முக்கும் பங்குண்டு. இங்கிருந்த தொழில்நுட்ப உயர்கல்லூரியில் மாணவராயிருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லான் இருவரும் வகுத்த அமைப்பிலிருந்தே ஏ.வி.ஆர். சில்லுகள் தோன்றின. பின்னாளில் முப்பரிமாண அச்சுப்பொறிகள் பலவற்றை இயக்கியது அவ்வினத்து அட்மெகா 2560. அதன் நினைவகம் 8 கிலோபைட்டே! அங்கே தொட்டி வற்றினால் உருகிய பிளாஸ்ரிக்கை இடும் முனை தயங்கி நிற்கும். நின்ற இடத்தில் கசிந்து கட்டி விழும். பல மணி நேர வேலை பழுதாகும். ஆகவே அடுத்து வரும் சில அசைவுகளை முன்கூட்டியே கணித்துச் சேர்த்து வைப்பார்கள். சிறிய தொட்டியும் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

திருவிழா அறிவித்தலை அச்சிடும் தொண்டர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. பொத்தானை அழுத்தியும் தாள் வரவில்லையென்றால் மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது. ஒவ்வோர் அழுத்தலும் வரிசையில் இன்னொரு பிரதியைச் சேர்க்கும். பொறியை நிறுத்தினால் அதன் இடைநினைவகம் வெறுமையாகும். ஆனால் கணனியின் வரிசையில் நிற்பவை மறுபடி வரக்கூடும். முதலில் அந்த வரிசையை நீக்குக; பிறகு பொறியை நிறுத்தித் தொடங்குக. தாளும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும்.