குன்றுக்குள் கோடீஸ்வரன் கடிகாரம்

மலையைக் குடைந்தார்கள், அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்திலே! எண்ணெய் எடுக்கவா? இல்லை. வெள்ளி வெட்டவா? அதுவுமில்லை. கடிகாரம் ஒன்றை உள்ளே நிறுத்துவதற்காக! ஐந்நூறு அடி உயரக் கடிகாரம். பத்தாயிரம் ஆண்டுகள் ஓடவேண்டும் என்று திட்டமிட்ட கடிகாரம். சியரா டியாப்லோ என்பது அந்த மலைத்தொடரின் பெயர். சாத்தானின் மலை என்று பொருள். பெயர் கேட்டு அஞ்சுவோர் நம்மிலே இல்லை, மேலே செல்வோம்.

டானி ஹில்லிஸ் என்பார் கணிப்பொறி வல்லுநர். மின்னலை விஞ்சும் வேகத்திலே கணக்கிடும் எந்திரங்களைச் சமைத்தவர். அவர் உள்ளத்திலேதான் 1989-ஆம் ஆண்டு, உலகிலேயே மிக மெதுவான எந்திரத்தைப் படைக்கும் எண்ணம் எழுந்தது. இரண்டாயிரம் என்ற ஆண்டுக்கு அப்பால் எவரும் எண்ணிப்பார்க்க மறுக்கிறார்களே, எதிர்காலம் ஆண்டுக்கு ஓராண்டாகத் தேய்கிறதே என்பது அவர் கவலை. கவலையிலே குற்றமில்லை. 1996-இல் இதற்கென அறக்கட்டளை அமைத்தனர். 1999 டிசம்பர் 31 அன்று சிறிய மாதிரிப் பொறி ஓடத் தொடங்கியது. இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலே அதைக் காணலாம்.

பெரும் பொறியின் நுட்பத்தைப் பழிப்போமா? ஒருக்காலும் மாட்டோம். பத்து வினாடிக்கு ஒருமுறை ஆடி முடிக்கும் ஊசல். துருவுக்கு இடங்கொடாத எஃகும் டைட்டானியமும். எண்ணெய் கேளாமலே சுழலும் பீங்கான் தாங்கிகள். பகலின் வெப்பமும் இரவின் குளிரும் மாறிமாறி வருகின்றனவே, அந்த வேறுபாட்டிலிருந்தே தன்னை ஓட்டிக்கொள்ளும் ஆற்றலை எடுத்துக்கொள்ளும். கடிகாரம் காட்டும் நண்பகலும் கதிரவன் காட்டும் நண்பகலும் கால் மணிநேரம் வரையிலே முன்பின்னாகும் என்பதை அறிந்து, அந்த வேறுபாட்டை வளைவாக்கி உலோகத்திலே செதுக்கியிருக்கிறார்கள். கோடையின் நெடும்பகல் நாளன்று உச்சிவெயில் உள்ளே பாய்ந்து, ஏற்பட்ட பிழையைத் திருத்தும். எந்தப் பூசையும் வேண்டாது, எந்த மந்திரமும் ஓதாது, கணக்கை மட்டும் நம்பி நிற்கும் பொறி! பத்து மணிகள், நாளுக்கொரு புதிய வரிசையிலே ஒலிக்கும். பத்து மணிகளை 36,28,800 வகையாக வரிசைப்படுத்தலாம் என்பது நம் பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்கு. நாளுக்கு ஒன்றாகச் செலவிட்டால் 9,935 ஆண்டுகளுக்குக் காணும். எஞ்சிய அறுபத்தைந்து ஆண்டுகளுக்காக எவரும் வழக்காடப் போவதில்லை!

அறிவுக்கு வணக்கம் செலுத்திவிட்டோம். இனி, பணம் யாருடையது என்று கேட்போம்.

மலை, ஜெஃப் பெசோஸ் என்னும் பெருஞ்செல்வருக்கு உரிமையான நிலத்திலே இருக்கிறது. செலவு நான்கு கோடியே இருபது இலட்சம் டாலர், அதுவும் அவருடையதே. அந்தச் செல்வம் எங்கே விளைந்தது? அமேசான் நிறுவனத்தின் பண்டகசாலைகளிலே. அங்கேயும் கடிகாரம் உண்டு, தோழர்களே! தொழிலாளியின் கையிலுள்ள கருவி, பண்டத்தின் குறியைப் படிக்காமல் எத்தனை நேரம் சும்மா இருந்தது என்று கணக்கெடுக்கும் கடிகாரம். 'பணியில் இல்லாத நேரம்' என்று அதற்குப் பெயரே சூட்டியிருந்தார்கள். ஓட்டுநர்கள் ஒதுங்க இடமின்றிப் புட்டியிலே சிறுநீர் கழிக்கிறார்கள் என்று 2021-இல் குற்றச்சாட்டு எழுந்தபோது நிறுவனம் எள்ளி நகையாடியது. சில நாட்களிலேயே, ஓட்டுநர் நிலை அதுதான் என்று ஒப்பி மன்னிப்புக் கேட்டது. பெரும் பண்டகசாலைகளிலே விதிக்கும் வேலை அளவு, உண்ணவும் ஓயவும் கழிப்பிடம் செல்லவும் உள்ள உரிமையைப் பறித்தலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் அதே ஆண்டிலே சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

மலைக்குள்ளே பத்தாயிரம் ஆண்டு. பண்டகசாலைக்குள்ளே பத்து நிமிடத்துக்குப் பஞ்சம்! ஒரே செல்வம் வளர்த்த இரு கடிகாரங்கள் அல்லவா இவை?

"அவர் செல்வம், அவர் செலவு, உங்களுக்கென்ன வலி?" என்பர் சிலர். "குறுகிய நோக்கால் அழியும் உலகுக்கு நெடுநோக்கை ஊட்டும் சின்னம் இது" என்பர் வேறு சிலர். முன்னவரை விடுவோம், பின்னவர் கூற்றைப் பார்ப்போம். நெடுங்காலத்தை நினைவூட்டச் சின்னம் வேண்டுமா? பக்கத்து மாநிலமாகிய நியூ மெக்சிகோவிலே, கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே, உப்புப் பாறைக்குள் 2,150 அடி ஆழத்திலே கிடக்கிறதே, அது போதாதா? அணுகுண்டு செய்த ஆலைகளின் கழிவு: புளூட்டோனியம் பட்ட கையுறை, கருவி, துணி, சேறு. 1999 முதல் புதைத்து வருகிறார்கள். சட்டம் அதற்கு விதித்த காவற்காலமும் பத்தாயிரம் ஆண்டுதான்! ஆனால் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,100 ஆண்டு வேண்டும். குன்றுக் கடிகாரம் தன் கடைசி மணியை அடிக்கும் நாளிலே, அந்த நஞ்சில் முக்கால் பங்கு அப்படியே இருக்கும்.

அந்தப் பத்தாயிரம் ஆண்டு வாக்குறுதி எத்தனை நாள் தாங்கியது தெரியுமா? பதினைந்து ஆண்டுகூட நிறையவில்லை. 2014 பிப்ரவரியிலே ஒரு பீப்பாய் வெடித்துக் கதிர்வீச்சுக் கசிந்தது. ஈரத்தை உறிஞ்சக் களிமண் வகைத் தூள் இடவேண்டிய கலவையிலே, தாவரப் பொருளால் ஆன தூளை இட்டுவிட்டார்கள். வளர்ப்புப் பூனையின் கழிவை உறிஞ்ச வீடுகளிலே பயன்படுத்தும் தூள் அது! கழிவுக் கலவையோடு சேர்ந்து சூடேறிற்று, பீப்பாய் பிளந்தது. மேலே பணியிலிருந்த தொழிலாளர் சிலரின் உடலிலும் சிறிதளவு நஞ்சு ஏறியது. 2017 வரை புதைக்கும் வேலை நின்றது. பாறை தவறு செய்யவில்லை, உப்பு தவறு செய்யவில்லை. எந்தத் தூள் ஏன் என்ற அறிவு, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் வழியிலே தவறியது.

கடிகாரங்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. சீன நாட்டிலே, கைஃபெங் நகரிலே, சூ சோங் என்ற அறிஞர் பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலே கோபுரம்போல் ஒரு நீர்க்கடிகாரம் எழுப்பினார். நாற்பது அடி உயரம். உச்சியிலே விண்மீன் நோக்கும் கோளம். 1127-இல் ஜுர்ச்சென் படை நகரைப் பிடித்தது. பொறியைக் கழற்றி வடக்கே கொண்டு சென்றது. பூட்டத் தெரிந்தவர் போதிய அளவிலே இல்லை, பழையபடி ஓடவில்லை. தெற்கே ஒதுங்கிய சோங் அரசும் புதிதாகச் செய்ய முயன்று தோற்றது. சூ சோங் எழுதிய நூல் படங்களோடு இருந்தது! நூல் இருந்தும், கை இல்லை.

ஜப்பானிலே ஈசே என்னும் ஊரிலுள்ள மரக்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-இல் கட்டியது அறுபத்திரண்டாம் முறை. கோயிலை விடுங்கள், தச்சரைப் பாருங்கள். இருபதிலே சிறுவனாய்க் கற்றவன் நாற்பதிலே உளி பிடிக்கிறான், அறுபதிலே கற்பிக்கிறான். நடுவே போர்க்காலங்களிலே நூறாண்டுக்கு மேல் முறை தவறியதுண்டு. ஆயினும் தொடர்ச்சி மீண்டது. நம் வாதத்துக்குத் துணையாகக் கோயிலைக் காட்ட நேர்ந்ததே என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், தச்சர் கைத்திறனுக்கு மதம் கிடையாது.

வெண்கலக் காலக் கருவிகளைக் கொண்டே பழுதுபார்க்கத் தக்கதாக இருக்கவேண்டும் என்பது கடிகாரத்தார் தாமே வகுத்துக்கொண்ட விதி. நல்ல விதி! ஆனால் பழுதுபார்ப்பவன் எங்கிருந்து வருவான்? மிக அருகிலுள்ள விமான நிலையமே காரிலே சில மணிநேரத் தொலைவு. அதன்பின் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் அடி கால்நடை ஏற்றம். இதைக் குறையென்றும் அவர்கள் கருதவில்லை, யாத்திரை என்று பெருமை பேசுகிறார்கள். யாத்திரை என்ற சொல் வந்தாலே நமக்கு உறுத்துகிறது. மலை, குகை, மணியோசை, ஏறிவரும் கூட்டம். பொறியின் பொருளை மறந்த ஒரு தலைமுறை வந்தால், வாயிலிலே உண்டியலும் வந்துவிடாதா?

அறக்கட்டளையாரிடம் நாம் வேண்டுவது இது. பொறி முழுவதன் வரைபடங்களையும் பொதுவுடைமையாக்குங்கள். அந்தப் பாலைவெளிச் சிற்றூர்களின் பிள்ளைகளுக்கு, தலைமுறை தவறாமல், ஊதியம் கொடுத்து அந்தப் பொறியைக் கழற்றவும் பூட்டவும் கற்றுக்கொடுங்கள். மலையைத் தனியார் பத்திரத்திலிருந்து விடுவித்து மக்கள் பெயரிலே எழுதுங்கள். நான்கு கோடியே இருபது இலட்சம் டாலர் கொடுத்த செல்வரிடமும் ஒன்று கேட்போம்: உமது பண்டகசாலைத் தொழிலாளிக்கு, எவரும் எண்ணாத பத்து நிமிடம் தருவீரா?