பழகிவிட்டு வருகிறேன் என்கிறவர்களுக்கு

"இந்த வருசம் வேணாம் அண்ணே. நல்லா பழகிட்டு அடுத்த வருசம் பேரு குடுக்கிறேன்."

ஜொகூரில் கேரம் போட்டிக்குப் பெயர் சேர்க்கப் போகிற எவரும் இந்தப் பதிலைக் கேட்காமல் திரும்புவதில்லை. ஸ்கூடாயானாலும் மாசாயானாலும் கூலாயானாலும் பதில் ஒன்றுதான். சொல்கிற பையன் சோடை போனவனும் இல்லை. அவனுடைய தாமானில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. இரவு எட்டு மணிக்குப் பலகை முன்னால் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை எழுந்திருக்க மாட்டான். ஆனால் போட்டி என்றதும் பின்வாங்குகிறான். அடுத்த வருடமும் இதையேதான் சொல்வான். அதற்கடுத்த வருடம் கல்யாணம், வேலை மாற்றம் என்று ஏதாவது வரும். பலகை சுவரோரம் சாய்ந்துவிடும்.

தேர்ந்த பிறகுதான் போட்டிக்குப் போக வேண்டும் என்கிற நினைப்பு நம்மவர்களிடம் ஊறிக் கிடக்கிறது. பணிவாகத் தோன்றுவதால் யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை. பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பழைய ஆட்டக்காரர்களே சொல்கிறார்கள். இது தவறு. வீட்டில் ஆடுகிற கேரமும் போட்டியில் ஆடுகிற கேரமும் ஒரே ஆட்டம் இல்லை. ஒன்றை எத்தனை வருடம் பழகினாலும் மற்றது தானாக வந்துவிடாது.

நம் வீடுகளில் பெரும்பாலும் புள்ளி ஆட்டம்தான். கறுப்புக்கு இவ்வளவு, வெள்ளைக்கு இவ்வளவு, ரெட்டுக்கு ஐம்பது என்று கணக்கு. எந்தக் காய் எளிதாக இருக்கிறதோ அதைப் போடலாம். போட்டியில் உங்களுக்கு ஒரே நிறம், ஒன்பது காய். எல்லாவற்றையும் முதலில் போட்டு முடிப்பவருக்கு, எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ரெட்டுக்கு வெறும் 3 புள்ளி. அதுவும் நீங்கள் 21 புள்ளிக்குள் இருக்கும் வரைதான், 22 வந்துவிட்டால் அதற்கு மதிப்பே கிடையாது. ஒருவர் காய்களைப் போட்டு முடிப்பது ஒரு போர்டு. 25 புள்ளி, இல்லையென்றால் 8 போர்டு, அதோடு ஒரு ஆட்டம் முடிந்தது. ரெட்டைத் துரத்தியே வளர்ந்த கை அங்கே தடுமாறுகிறது. எதிராளியின் காயை எங்கே அடைத்து வைப்பது, தன்னுடைய எந்தக் காயைக் குழி வாயிலேயே விட்டுவைப்பது என்ற யோசனை அதற்குப் பழக்கமில்லை. புள்ளி ஆட்டத்தில் அந்த யோசனைக்குத் தேவையே வராது.

உட்காருகிற விதத்தைப் பாருங்கள். வீட்டில் காய் பின்னால் இருந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறோம், எழுந்து நின்று பலகை மேல் சாய்கிறோம். போட்டியில் நாற்காலி அசையக் கூடாது. கையைத் தவிர உடம்பில் எதுவும் பலகையில் படக் கூடாது. முழங்கை, மூலை அம்புகளின் நேர்க்கோட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டிரைக்கர் இரண்டு அடிக்கோடுகளையும் தொட்டபடி இருக்க வேண்டும். கோட்டு முனையில் உள்ள வட்டத்தில் வைத்தால் அந்த வட்டம் முழுக்க மறைய வேண்டும். ஒரு அடிக்கு 15 விநாடி. முதல்முறை உட்காருகிற பையனின் கையைக் கவனித்தால் போதும். ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைக்கிறான், கொஞ்சம் நகர்த்துகிறான், நடுவர் பக்கம் திரும்புகிறான், மறுபடி நகர்த்துகிறான். அடித்து முடிக்கும்போது குறி போய்விட்டிருக்கிறது. அவன் கையில் திறமை இல்லாமல் இல்லை. நடுவர் பார்த்திருக்க ஆடுவதுதான் அவனுக்குப் புதிது. அந்தப் பழக்கத்தை அவன் வீட்டு வரவேற்பறை ஒருநாளும் தரப்போவதில்லை.

பலகையும் அப்படித்தான். வீட்டுப் பலகை மெல்லிய பிளைவுட். நம் ஊர் ஈரக்காற்றில் நடுவில் லேசாக உப்பிவிடும். முகப் பவுடரைக் கொட்டித் தேய்த்தால்தான் காய் ஓடும். போட்டிப் பலகையோ கனமானது, போரிக் பவுடர் தூவியது. வீட்டில் அடித்த வேகத்தில் அங்கே அடித்தால் காய் குழி வாயில் மோதித் திரும்பி வந்து எதிராளிக்கு வழிவிடும். அந்த வேகத்தை அந்தப் பலகையில் உட்கார்ந்து மட்டுமே குறைக்கப் பழக முடியும்.

இது கேரத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. மேசைக் கால்பந்து எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக் கடையிலும் கல்லூரி ஓய்வறையிலும் கம்பியைச் சுழற்றிச் சுழற்றி கோல் போடுகிறவன்தான் அங்கே வீரன். 2002இல் தொடங்கிய உலக மேசைக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, பந்தை அடிக்கும்போது கம்பியை முழுச்சுற்றுக்கு மேல் சுழற்றுவது தவறு. ஐந்து ஆட்டக்காரர் கம்பியில் பந்தை 10 விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. சுழற்றுவதிலேயே கை தேர்ந்தவனுக்கு முதல் போட்டியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. பத்து வருடம் கழித்து வந்தாலும் அவன் கதை அதுதான்.

கேரத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் பயிற்சி செய்தல்லவா வந்தார்கள் என்று கேட்பார்கள். பயிற்சி செய்தார்கள், மறுக்கவில்லை. 1996இல் அர்ஜுனா விருது பெற்ற சென்னையின் மரிய இருதயமும், 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியும் மணிக்கணக்காகப் பலகை முன் உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் வியாசர்பாடி இருக்கிற வடசென்னையில் கேரம் தழைத்ததற்குக் காரணம், அங்கே தெருவுக்கு ஒரு மன்றமும் மன்றத்துக்கு ஒரு போட்டியும் இருந்ததுதான். 2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா என்ற பெண் மூன்று தங்கம் வென்றார். தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்றிலும். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது வயது 17. பழகி முடித்துவிட்டு வருகிறேன் என்று காத்திருந்தவர் 17 வயதில் உலகக் கோப்பையைத் தொட்டிருக்க முடியாது. போட்டிக்குள்ளேயே வளர்ந்தால்தான் அந்த வயதில் அங்கே நிற்க முடியும்.

நம் பையன்களைத் தடுப்பது உண்மையில் வெட்கம். ஊர்க்காரர்கள் முன்னால் முதல் சுற்றிலேயே தோற்றால் பெயர் போய்விடும் என்கிற பயம். கணக்கைப் பார்த்தால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 32 பேர் கலந்துகொள்ளும் நாக்-அவுட்டில் 16 பேர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போகிறார்கள். கோப்பையைத் தூக்குகிற ஒருவரைத் தவிர மற்ற 31 பேரும் ஏதோ ஒரு சுற்றில் தோற்றவர்கள்தான். யார் எந்தச் சுற்றில் தோற்றார் என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

பழகிவிட்டுத்தான் போட்டிக்கு வர வேண்டும் என்கிற நம்பிக்கையால் அதிகம் நஷ்டப்படுவது உழைக்கிற பிள்ளைகள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவனுக்கும், பாசிர் கூடாங்கில் ஷிஃப்டு பார்க்கிறவனுக்கும், பழகி முடிக்கும் அளவுக்கு நேரம் எந்த வருடமும் கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அந்த ஒரு நாளைப் போட்டியில் செலவழித்தால் அவன் கற்றுக்கொள்வது ஏராளம். நேரம் உள்ளவனுக்கு மட்டும்தான் போட்டி என்று சொல்வது அவனை வாசலிலேயே நிறுத்துவதாகும்.

ஏற்பாட்டாளர்களும் இதில் பொறுப்பேற்க வேண்டும். சிகாமாட்டிலிருந்து ஜொகூர்பாருவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வருகிற புதியவனை ஒரே ஆட்டத்தில் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினால் அவன் மறுபடி ஏன் வர வேண்டும்? முதலில் நான்கு நான்கு பேராகப் பிரித்து லீக் வையுங்கள், எவருக்கும் மூன்று ஆட்டம் உறுதி. முதல் சுற்றில் தோற்றவர்களுக்குத் தனியாக ஒரு கோப்பை வையுங்கள். மேசைக் கால்பந்துக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளியைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். புதியவனும் பழம்பெரும் ஆட்டக்காரனும் ஒரே அணியில் சேர அதில் வழி உண்டு. கேரத்தில் கூட்டாளிகள் நேருக்கு நேர் உட்காருகிறார்கள். எதிரே உட்கார்ந்து ஒரு கைதேர்ந்தவர் காய் தேர்ந்தெடுப்பதை எட்டு போர்டு பார்த்தால் அது பெரிய பாடம்.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. தோற்றவனை அனுப்பிவிடாமல் அடுத்த ஆட்டத்தில் புள்ளி எழுத உட்கார வையுங்கள். ஸ்டிரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டதா, முழங்கை தாண்டியதா, 15 விநாடி ஆனதா என்று மற்றவர் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவன், அடுத்த ஞாயிறு தன் கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவான்.