உண்ணிக்கொக்கும் சுறாமீனும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மேய்ச்சல் நிலங்களில் மாடுகளைத் தொடர்ந்து வெண்ணிறக் கொக்குகள் நடப்பதை யாவரும் கண்டிருப்பர். தமிழில் இதற்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். பெயரை நம்பி, மாட்டின் உண்ணியைப் பொறுக்குவதே இதன் தொழில் என்று கருதுவோர் பலர். கூர்ந்து நோக்கின், மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளே இதன் முக்கிய உணவு என்பது விளங்கும். உண்ணியைக் கொத்துவது சிறுபான்மையே.

கடலில் இதனினும் நெருங்கிய உறவொன்று உண்டு. பவளப்பாறைகளில் வாழும் லாப்ராய்டிஸ் டைமிடியேட்டஸ் என்னும் விரலளவு மீன், பெரிய மீன்களின் வாயினுள்ளும் செவுள்களிலும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளை ஒரு மீன் உண்பதாக ஆஸ்திரேலியாவில் கணக்கிடப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டில் மலபாஸ்குவா தீவருகே நீண்ட வாலையுடைய சுறாக்கள் ஆழத்திலிருந்து மேலேறி, வேகத்தைக் குறைத்து வட்டமிட்டு, இம்மீனின் பணியைப் பெறுவதை 2011-இல் வெளியான ஆய்வு விவரிக்கிறது.

இதனைத் 'தோழமை' என்று கூறி முடிக்கும் ஆசிரியர் பாதிப் பாடத்தையே கற்பித்தவராவார். ஒட்டுண்ணியைவிடப் பெரிய மீனின் மேலுள்ள சளிப்படலத்தையே இச்சிறு மீன் மிகுதியும் விரும்புகிறது. வாய்ப்பு நேர்ந்தால் அதைக் கடித்துவிடும். கடியுண்ட மீன் அதைத் துரத்தும், அல்லது வேறிடம் நாடும். இக்கண்டிப்பே உறவை நிலைநிறுத்துகிறது.

எனினும், இம்மீன் வேண்டாததும் அன்று. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவருகே சில பாறைத் திட்டுகளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மேலாக இம்மீனை அகற்றியபோது, அங்கிருந்த பிற மீன்களின் தொகையும் வகையும் குறைந்தன. கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்காக இதனைப் பிடித்து விற்போர் இவ்வுண்மையை உணர்தல் வேண்டும்.

ஓர் உயிரின் பயனை அளந்தறியாமல் போற்றுவதும் தவறு. அளந்தறியாமல் அழிப்பது அதனினும் பெரிய தவறு. அளந்தறியப் பவளப்பாறைக்குச் செல்ல வேண்டுவதில்லை. புங்கனூர்க் குட்டை மாடு மேயுமிடத்தில் மாணவர் அரைமணி நேரம் நின்று, மைனாவும் கரிச்சானும் கொக்கும் மாட்டின் தோலில் எத்தனை முறை, புல்லில் எத்தனை முறை கொத்துகின்றன என்று குறித்து வரட்டும். உண்ணிக்கு மருந்தடிக்கும் களப்பணியாளர், அது உலரும்வரை மாட்டைத் தொழுவத்திலேயே கட்டிவைக்கச் சொல்லட்டும். நஞ்சு உண்ணியோடு நிற்க வேண்டும், பறவையை எட்டலாகாது.